ராஷ்டிரபதி சாரணர் விருது பெறுவது எப்படி? சேலம் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் சாரணர், சாரணியர் பிரிவுகளில் இருக்கும் மாணவ மாணவியர் பெறக்கூடிய உச்ச விருது ராஷ்டிரபதி விருதாகும். குடியரசுத் தலைவரின் கையொப்பம் தாங்கிய சான்றிதழோடு வழங்கப்படும் இந்த விருதைப் பெறச் சேலம் மாவட்டப் பள்ளிகளில் ஆண்டுதோறும் பலர் ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படுபவர்களில் பாதி வழியில் நின்றுவிடுபவர்களைப் பார்த்தால், அவர்களிடம் திறமைக் குறைவு இருப்பதே இல்லை. தாமதமாகத் தொடங்கியது, பதிவேட்டை எழுதாமல் விட்டது, ஒவ்வொரு திறனிலும் தேர்ச்சி பெற்றதற்குத் தரப்படும் சின்னங்களான திறன் பேட்ஜ்களைக் கடைசி மாதத்தில் அவசரமாகச் சேர்க்க முயன்றது ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஆகவே விருதுக்கான தேர்வு முகாமில் என்ன கேட்பார்கள் என்பதை மட்டும் சொல்லாமல், ஆறாம் வகுப்பில் சேரும் நாள் தொடங்கி ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்யவேண்டும் என்பதையும், சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் இருப்பவர்கள் தம் ஊரையே எவ்வாறு பயிற்சிக் களமாக்கிக்கொள்ளலாம் என்பதையும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எப்போது, எங்கே சேர்வது

சாரணர் பிரிவில் சேர 10 வயது நிறைந்திருக்க வேண்டும். 17 வயது வரை அந்தப் பிரிவில் இருக்கலாம். முதற்படியிலிருந்து ராஷ்டிரபதி வரை செல்ல, விதிகள் வகுத்திருக்கும் குறைந்தபட்ச இடைவெளிகளை எல்லாம் கூட்டினால் மூன்று முதல் நான்கு ஆண்டுகள் பிடிக்கும். எவ்வளவு கெட்டிக்கார மாணவராயினும் இந்த இடைவெளியைக் குறைக்க முடியாது. எட்டாம் வகுப்பில் வந்து சேர்பவர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் விருதுக்கான முகாமும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழும் நிலைக்கு ஆளாகிறார். ஆறாம் வகுப்பில் சேர்ந்துவிட்டால், ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் மாநில அளவிலான படியைக் கடந்து, இறுதிப் படிக்குப் போதிய கால இடைவெளியோடு நிற்கலாம்.

உங்கள் பள்ளியில் சாரணர் படை இல்லையென்றால் மாவட்டச் செயலரை அணுகி, அருகிலுள்ள பள்ளியின் படையிலோ, பள்ளி சாராத திறந்தநிலைப் படையிலோ சேர வாய்ப்பிருக்கிறதா என்று கேளுங்கள். ரயில்வே ஊழியர்களின் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. தெற்கு ரயில்வேயின் சாரணர் அமைப்பு, இயக்கத்தில் ஒரு தனி மாநில அமைப்புக்குரிய தகுதியோடு இயங்குகிறது. 2007இல் உருவான சேலம் கோட்டமும் அதில் அடங்கும்.

சேரும்போதே கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. இயக்கத்தின் இணையவழி உறுப்பினர் பதிவில் உங்கள் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி ஆகியவை பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பின்னாளில் சான்றிதழில் அந்தப் பிழையே அச்சாகி வரும். அதைத் திருத்துவதற்கு அலையவேண்டிய அலைச்சல் கொஞ்சமல்ல. பதிவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறதா என்பதையும் பெற்றோர் சாரண ஆசிரியரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஏறவேண்டிய படிகள்

முதலில் வருவது பிரவேஷ் என்னும் நுழைவு நிலை. உறுதிமொழி, சாரண விதிகள் ஒன்பது, குறிக்கோள் சொல்லான ‘தயாராக இரு’, வணக்கம் செலுத்தும் முறை, இடது கைக் குலுக்கல், இறைவணக்கப் பாடல், கொடிப்பாடல் ஆகியவற்றைக் கற்று, உறுதிமொழி ஏற்று, கழுத்துத் துண்டை அணியும் நிலை இது. பாடல்கள் இந்தியில் இருப்பதால் நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்வது வழக்கம். பொருளையும் சாரண ஆசிரியரிடம் கேட்டு எழுதிக்கொண்டால், சில ஆண்டுகள் கழித்து நேர்காணலில் கேட்கும்போது திணற வேண்டியிருக்காது.

அதன்பின் பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான் என்று மூன்று படிகள் இருக்கின்றன. பிரதம சோபானைப் படையின் சாரண ஆசிரியரே சோதிப்பார். துவிதிய சோபான் உள்ளூர்ச் சங்க அளவிலும், திருதிய சோபான் மாவட்ட அளவிலும் சோதிக்கப்படும். திருதிய சோபானைக் கடந்தவர் மாநில அளவிலான ராஜ்ய புரஸ்கார் விருதுக்குச் செல்லலாம். ஆளுநரின் கையொப்பத்தோடு சான்றிதழ் வரும் அந்த விருதைப் பெற்று, குறிப்பிட்ட காலம் தொடர்ந்து பணியாற்றிய பிறகே ராஷ்டிரபதி தேர்வு முகாமுக்கு விண்ணப்பிக்க முடியும். எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க வழியில்லை.

ஒவ்வொரு படிக்கும் உரிய பாடத்திட்டம், மாத இடைவெளி, தேவையான பேட்ஜ்களின் பட்டியல் ஆகியவை ஏ.பி.ஆர்.ஓ. என்று அழைக்கப்படும் விதிநூலில் இருக்கின்றன. அது அவ்வப்போது திருத்தப்படுவதால், அண்ணன் பயன்படுத்திய பழைய பிரதியையோ, நகலெடுத்த தாள்களையோ நம்பாமல், நடப்புப் பதிப்பைப் படைக்கு ஒன்றாவது வாங்கிவைப்பது நல்லது.

பதிவேடு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள் என்பேன். செய்த வேலைக்குச் சான்று பதிவேடுதான். செய்து முடித்த வாரத்திலேயே எழுதி, அந்த வாரத்திலேயே சாரண ஆசிரியரின் கையொப்பத்தைத் தேதியோடு பெற்றுவிட வேண்டும். மூன்றாண்டு வேலையை முகாமுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து ஒரே பேனாவில், ஒரே கையெழுத்து வேகத்தில் எழுதிய பதிவேட்டைத் தேர்வாளர்கள் இரண்டு பக்கம் புரட்டும்போதே கண்டுகொள்வார்கள்.

ஒரு பதிவு எப்படி இருக்கவேண்டும் என்பதைக் காட்டுகிறேன். ‘ஏரியைச் சுத்தம் செய்தோம், மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது’ என்பது பதிவு ஆகாது. எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மூக்கனேரியின் எந்தக் கரை, அணியில் யார் யார் வந்தார்கள், எத்தனை மூட்டைக் குப்பை சேர்ந்தது, அதில் எந்த வகைக் கழிவு மிகுதி, மூட்டைகளை யார் வாங்கிக்கொண்டார்கள், அடுத்த முறை என்ன மாற்றம் செய்வீர்கள் என்பவை இருந்தால், அதைப் படிப்பவர் உங்களை நம்புவார். ஓரத்தில் கையால் வரைந்த ஒரு சிறு வரைபடம் நான்கு வண்ணப் புகைப்படங்களைவிட மதிப்பு மிக்கது. வரைந்தவர் அந்த இடத்தில் நின்றிருக்கிறார் என்பதை அது சொல்லிவிடும். நீளத்தாள் குறிப்பேடு ஒன்றைப் பிளாஸ்டிக் உறையிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டு மழையில் நனைந்து மை கரைந்த பதிவேட்டை மீண்டும் எழுதினாலும் பழைய கையொப்பங்கள் திரும்பி வரமாட்டா.

முடிச்சுகளும் கட்டுகளும்

ரீஃப் நாட், ஷீட் பெண்ட், கிளவ் ஹிட்ச், போலைன், ஷீப்ஷாங்க், டிம்பர் ஹிட்ச் ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட, எந்த முடிச்சு எதற்கு என்பது தெரிந்திருக்க வேண்டும். சம தடிமனுள்ள இரு கயிறுகளுக்கு ரீஃப், தடிமன் வேறுபட்டால் ஷீட் பெண்ட், ஆளை இறக்கவோ ஏற்றவோ இறுகாத வளையமாகப் போலைன் என்று காரணத்தோடு சொல்லிப் பழகுங்கள்.

சதுரக் கட்டில் பெரும்பாலோர் தவறுவது ஓர் இடத்தில்தான். நிற்கும் கழியில் கிளவ் ஹிட்ச் போட்டுத் தொடங்கி, இரு கழிகளையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றுவதைச் சரியாகச் செய்துவிட்டு, கழிகளுக்கு நடுவே போடவேண்டிய இறுக்குச் சுற்றை ஏனோதானோவென்று முடிப்பார்கள். இறுக்குச் சுற்றின் ஒவ்வொரு முறையும் காலால் கழியை அழுத்திக்கொண்டு உடல் எடையைக் கொடுத்து இழுக்க வேண்டும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகப் படிந்திருக்க வேண்டும். பச்சை மூங்கிலில் கட்டினால், மூங்கில் காய்ந்து சுருங்கும்போது கட்டும் தளரும். ஆகவே முகாமில் முதல் நாள் கட்டிய தட்டு அடுக்கையும் செருப்பு அடுக்கையும் மறுநாள் காலையில் ஆட்டிப் பார்த்துத் தேவையானால் மீண்டும் கட்டுவது அணித் தலைவரின் வேலையாக இருக்கட்டும்.

திசை, வரைபடம், விண்மீன்கள்

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இயற்கையே ஆசிரியராக அமைந்திருக்கும் பாடம் இது. காம்பஸின் பதினாறு திசைகளையும் சொல்லத் தெரிந்தபின், சேலத்தில் ஒரு மொட்டை மாடியில் நின்று சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை ஆகியவை எத்தனை பாகையில் இருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள். வேறொரு பகுதியிலுள்ள நண்பரின் மாடியிலிருந்து அதையே மீண்டும் அளந்து, இரு அளவுகளையும் வரைபடத்தில் கோடாக இழுத்தால், கோடுகள் வெட்டும் இடத்தில் மலை வந்து நிற்பதைக் காண்பீர்கள். முக்கோண அளவை என்பதன் அடிப்படை இதுதான். ஓர் எச்சரிக்கையும் உண்டு. கஞ்சமலையில் மாக்னடைட் என்னும் காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது இருப்பதால், அதன் பாறைகளுக்கு அருகில் ஊசி விலகக்கூடும். ஒரே திசையைச் சில அடி தள்ளித் தள்ளி நின்று அளந்து ஒப்பிட்டுப் பார்த்து, அந்த விலகலைப் பதிவேட்டில் எழுதுங்கள். தேர்வாளர் விரும்பிக் கேட்கும் பதிவாக அது இருக்கும்.

உயரத்தை மதிப்பிடும் பயிற்சிக்கு ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்கள் மிகவும் ஏற்றவை. நேராகவும் உயரமாகவும் இருக்கும். 1.5 மீட்டர் தடியின் நிழல் 1 மீட்டராக இருக்கும் அதே நேரத்தில் மரத்தின் நிழல் 12 மீட்டர் இருந்தால், மரத்தின் உயரம் 18 மீட்டர். சரிவான நிலத்தில் நிழல் நீண்டோ குறுகியோ விழும் என்பதால் சமதளமான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலையில் மூடுபனி வந்துவிட்டால் நிழலே இருக்காது. அப்போது கையை நீட்டிப் பென்சிலால் அளக்கும் முறையைக் கைக்கொள்ளுங்கள்.

விண்மீன்களைப் பற்றிய பாடத்தை நூலில் உள்ளபடி மட்டும் படித்தவர்கள் சேலத்தில் ஏமாந்து போவார்கள். துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. சேலத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11.7 பாகை வடக்கு. கையை முழுதாக நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஆகவே துருவ விண்மீன் வடக்கு அடிவானத்திற்கு மேல் ஒரு முட்டியும் சற்றும் என்ற உயரத்தில்தான் இருக்கும். மலை அடிவாரத்தில் நின்று வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலையே அதை மறைத்துவிடும். நகரத்திற்குத் தெற்கே, வடதிசை திறந்திருக்கும் வெளியிலோ, மலைமேல் வடக்கே பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடத்திலோ நின்று தேடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் முன்னிரவில் சப்தரிஷி மண்டலம் உயரத்தில் இருக்கும். அதன் முன்னிரு மீன்களான கிரதுவையும் புலகரையும் இணைக்கும் கோட்டை, கிரதுவின் பக்கமாக ஐந்து மடங்கு நீட்டினால் துருவ விண்மீன் அகப்படும். அதே மே மாதத்து இரவு ஒன்பது மணி அளவில் தெற்கே திரும்பினால், தாழ்வான உயரத்தில் தென்சிலுவையும் தெரியும். வடநாட்டின் பெரும்பகுதியில் அதை இவ்வளவு தெளிவாகக் காண முடியாது. இரண்டையும் ஒரே இரவில் வரைந்து பதிவேட்டில் சேருங்கள்.

முதலுதவி

முதலுதவிக்குரிய ஆம்புலன்ஸ்மேன் பேட்ஜ் விருதுக்கான பாதையில் தவிர்க்க முடியாதது. முக்கோணத் துணியால் கைத்தொட்டில் கட்டுவது, இரு தடிகளையும் போர்வையையும் கொண்டு தூக்குப்படுக்கை அமைப்பது, தீக்காயத்தின்மேல் 20 நிமிடம் ஓடும் நீரை ஊற்றுவது, நெஞ்சை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்தி 30 அழுத்தத்திற்கு 2 மூச்சு என்று உயிர்காக்கும் முறை ஆகியவற்றை அணியினர் மேலேயும் பொம்மை மேலேயும் செய்து பழகவேண்டும். நெஞ்சழுத்தம் கொடுப்பதைப் பொம்மையின் மீது மட்டுமே செய்ய வேண்டும். நலமாக இருக்கும் நண்பர்மேல் ஒருபோதும் செய்து பார்க்கக் கூடாது.

மலையில் முகாமிடும் நமக்குப் பாம்புக்கடி பற்றிய அறிவு தேர்வுக்காக மட்டும் தேவைப்படுவதில்லை. கடித்த இடத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஆகிய மூன்றும் கூடாது. கடிபட்டவரைப் பதற்றப்படாமல் அசையாமல் படுக்கவைத்து, கடிபட்ட கை அல்லது காலைச் சிம்பு வைத்து அசையாதபடி செய்து, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, 108க்கு அழைத்து, நச்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆகவே மலை முகாமுக்கு முன்பே அருகிலுள்ள மருத்துவமனை எது, வண்டி எது, ஓட்டுநர் யார் என்பதை எழுதி முகாம் அலுவலகத்தில் ஒட்டிவைப்பது பொறுப்பாளர்களின் கடமை.

மலையில் முகாமும் நடையும்

ஏற்காட்டு ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. போய்வர ஒரு பகல் நடைக்குப் பொருத்தமான இந்த வழியில் பாதைக் குறியீடுகளை அமைத்தல், வழித்தட வரைபடம் வரைதல், தாவரங்களைக் குறித்தல் ஆகிய பல பயிற்சிகளை ஒரே நாளில் முடிக்கலாம். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் பூங்காவும் ஏற்காட்டிலேயே இருப்பதால், இயற்கையாளர் பேட்ஜுக்கு உழைப்பவர்கள் அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளட்டும். வளைவுச் சாலையில் வரிசையாக நடப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டிகள் திரும்பும் இடத்தில் பிள்ளைகளுக்கு ஒதுங்க இடமிருக்காது. காப்புக்காட்டுக்குள் செல்வதென்றால் வனத்துறையின் முன் அனுமதி கட்டாயம் தேவை. காட்டெருமைகள் தோட்டங்களிலும் நடமாடுவதால், மாலை ஐந்து மணிக்குள் கூடாரத்திற்குத் திரும்பிவிட வேண்டும்.

சமையலில் மலை ஒரு பாடம் கற்றுத்தரும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால், சேலத்தில் வேகும் நேரத்தில் ஏற்காட்டில் துவரம்பருப்பு வேகாது. பருப்பை முன்கூட்டியே ஊறவைத்து, உப்பையும் புளியையும் பருப்பு வெந்தபிறகு சேர்த்து, அடுப்பை அரைமணி முன்னதாகவே பற்றவைக்கும் அணியினர்தான் குறித்த நேரத்தில் உணவு பரிமாறுவார்கள். விறகு மூடுபனியில் ஈரமாகிவிடும். சுள்ளிகளைக் கூடாரத்திற்குள் சாக்கில் கட்டி வையுங்கள். காட்டில் விறகு ஒடிக்கக் கூடாது. அனுமதி பெற்ற பள்ளி மைதானத்திலோ தோட்டத்திலோ மட்டும் குழியடுப்பு வெட்டி, முடிந்தபின் நீரூற்றி அணைத்து, வெட்டியெடுத்த புல்தரையை மீண்டும் அதே இடத்தில் பதித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

சேவைத் திட்டம்

ஒருநாள் பேரணியும் பதாகையும் சேவைத் திட்டமாகாது. ஒரு தேவையைக் கண்டறிந்து, அளந்து, பல வாரங்கள் வேலைசெய்து, மீண்டும் அளந்து காட்டவேண்டும். நம் ஊருக்குப் பொருந்தும் ஒன்றைச் சொல்கிறேன். குழாய் நீர் சில நாள்களுக்கு ஒருமுறை வருவதால் வீடுகளில் டிரம்மிலும் தொட்டியிலும் நீர் சேமிக்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாள்களே ஆகும். ஓர் அணியினர் ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, வீட்டாரின் அனுமதியோடு எத்தனை டிரம்களில் புழு இருக்கிறது என்று முதல் வாரம் எண்ணி, வாரம் ஒருநாள் டிரம்மைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்கவும் துணியால் மூடிக் கட்டவும் வீட்டாருக்கு உதவி, எட்டாம் வாரம் மீண்டும் எண்ணினால், அந்த இரு எண்களும் எந்தப் பேச்சையும்விட வலுவாகப் பேசும். வீட்டுக்குள் நுழையும்போது, “அக்கா, நாங்க ஸ்கவுட்ல இருந்து வர்றோம், தண்ணித் தொட்டியைப் பார்க்கலாங்களா?” என்று கேட்டு, அவர்கள் சரியென்ற பிறகே உள்ளே செல்லவேண்டும்.

கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவிலும், மே மாத ஏற்காடு கோடை விழாவிலும் குடிநீர் வழங்குதல், காணாமற்போன குழந்தைகளைப் பெற்றோரிடம் சேர்த்தல் போன்ற பணிகளுக்குச் சாரணர்கள் பெரிதும் பயன்படுவார்கள். காவல்துறை, கோயில் நிர்வாகம் ஆகியோரின் எழுத்துப்பூர்வ அனுமதியையும், பணி முடிந்தபின் சான்றையும் பெற்றுப் பதிவேட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

தேர்வு முகாம்

முகாம் சில நாள்கள் நடைபெறும். எழுத்து, வாய்மொழி, செய்முறை என்று மூன்று வகையிலும் சோதிப்பார்கள். பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே கேள்வி கேட்பார்கள். சீருடை விதிப்படி இருக்கவேண்டும்: சாரணருக்கு எஃகுச் சாம்பல் நிறச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும், ஒழுங்காக மடித்த கழுத்துத் துண்டும். பேட்ஜ்களை உரிய இடத்தில் முன்கூட்டியே தைத்துக்கொள்ளுங்கள். ஊசிப்பின்னால் குத்தி வருவது கண்ணை உறுத்தும்.

பிற மாவட்டத்துப் பிள்ளைகளோடு புதிய அணியில் சேர்க்கப்படுவீர்கள் என்பதை எதிர்பார்த்துச் செல்லுங்கள். அங்கே உங்கள் திறமையைக் காட்டுவதிலும் முக்கியமானது, பாத்திரம் கழுவும் முறை வரும்போது முகம் சுளிக்காமல் எழுந்து போவது. தெரியாத கேள்விக்கு, “தெரியாதுங்க ஐயா, படித்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்று சொல்லுங்கள்; சமாளித்துப் பேசுவதைத் தேர்வாளர்கள் விரும்புவதில்லை.

பெற்றோர் செய்யவேண்டியது குறைவு. பயண உடன்பாட்டுக் கடிதம், மருத்துவச் சான்று, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றைக் கொடுத்தனுப்பினால் போதும். பதிவேட்டை நீங்கள் எழுதித் தராதீர்கள்.

தேர்ச்சிக்குப் பிறகு

முடிவு வரவும் சான்றிதழ் கைக்கு வரவும் மாதக்கணக்கில் ஆகலாம். ரயில்வே பணி நியமனத்தில் சாரணர் ஒதுக்கீட்டுக்கு ராஷ்டிரபதி விருது ஒரு தகுதியாகக் கொள்ளப்படுகிறது; ஆயினும் தொடர்ந்து இயக்கத்தில் செயல்பட்டதற்கான சான்றுகளையும் அங்கே கேட்பதால், விருது கிடைத்ததும் விலகிவிடுவது இழப்பாகும். வயது வரம்பைத் தாண்டியவர்களும், பள்ளியில் இந்த விருதைத் தவறவிட்டவர்களும் கல்லூரியிலோ ஊரிலோ உள்ள, இளைஞர்களுக்கான திரிசாரணர் (ரோவர்) பிரிவில் சேர்ந்து, அந்தப் பிரிவுக்கென்றே உள்ள ராஷ்டிரபதி விருதுக்கு உழைக்கலாம். சான்றிதழ், பதிவேடு, ஒவ்வொரு படியின் தேர்ச்சிச் சான்று ஆகியவற்றை நகலெடுத்து, மூலங்களை வீட்டில் நீர் புகாத கோப்பிலும் நகல்களைப் படையின் அலுவலகத்திலும் வைத்துவிடுங்கள். பணி விண்ணப்பத்தின்போது துவிதிய சோபான் சான்றையும் சேர்த்துக் கேட்பதுண்டு.